துப்பாக்கி உறையில் குடை

ஜூன் 1, ஞாயிறு

காலையில் துப்பாக்கி துடைத்தேன். வெயில் நன்றாக அடித்தது. ஈரம் இல்லாத நாளில்தான் எண்ணெய் ஒழுங்காகப் பிடிக்கும்.

குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றி, இரட்டைக் குழலைக் கழற்றி, விசை இருக்கும் பின்கட்டையை மடியில் போட்டுக்கொண்டு, துணி கோத்த கம்பியை இரண்டு குழலிலும் விட்டு எடுத்தேன். பிறகு குழலை ஜன்னலுக்கு நேரே பிடித்து உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்தேன். சுத்தமான குழல் வழியே பார்த்தால் எதிர்வீட்டு மாடிகூட வட்டமாக, சின்னதாக, யாரோ கழுவி வைத்த மாதிரி தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன் போலிருக்கிறது. தேநீர் கொண்டு வந்த மருமகள் வாசற்படியிலேயே டம்ளரைக் கீழே போட்டாள். என்னம்மா என்றேன். "ஒண்ணுமில்ல மாமா, கை வழுக்கிடுச்சு" என்றாள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஊசி போடுகிற கை. வழுக்கி நான் பார்த்ததே இல்லை.

துடைக்கிற துணி என் மனைவி வெட்டி வைத்தது. என் பழைய பனியன்களைச் சதுரம் சதுரமாக வெட்டி பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைப்பாள். அவளுக்குத் துப்பாக்கி பிடிக்காது, நான் சுட்டு வந்ததை ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. ஆனால் ஞாயிறு காலை எதிரில் உட்கார்ந்து குழலின் அந்த முனையைப் பிடித்துக்கொள்வது அவள்தான். துணி வெளியே வந்ததும் பார்த்து, "இன்னும் கறுப்பு வருது" என்பாள். அது வராமல் போகும்வரை விடமாட்டாள். ஜனவரியில் அவள் போய்ச் சேர்ந்தபின் நானே பிடித்து நானே இழுத்துக்கொள்கிறேன். முன்பு ஞாயிறு மட்டும். இப்போது தோன்றும்போதெல்லாம். சொல்லப்போனால் தினம்.

டப்பாவில் துணி குறைந்துகொண்டே வருகிறது. துவைத்து மறுபடி பயன்படுத்தலாமா என்று யோசிக்கிறேன்.

பழைய சாமான் வியாபாரி போன வாரம் வந்தவன் துப்பாக்கியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உங்க அப்பா காலத்துது, இந்த மாதிரி வேலைப்பாடு இப்ப யாரு செய்யுறா, குடுக்கிற எண்ணம் இருந்தா முதல்ல என்கிட்டதான் சொல்லணும் என்றான். மகனிடம் தனியாக ஏதோ பேசிவிட்டுப் போனான். என்ன பேசினான்?


ஜூன் 3, செவ்வாய்

மகன் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே என் அறைக்கு வந்தான். சுவரில் உறையோடு மாட்டியிருக்கும் துப்பாக்கியைப் பார்த்தான்.

"அப்பா, இந்தச் சுவர் ஓதம் வாங்குது. துப்பாக்கிய கொஞ்ச நாள் என் பீரோல வச்சுக்கட்டுமா?"

இத்தனை வருஷம் வாங்காத ஓதம் இப்போது வாங்குகிறதாம். சுவரைத் தடவிப் பார்த்தேன். மாவு மாதிரி காய்ந்திருக்கிறது. வேண்டாம் என்றேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

வியாபாரி சொன்னதையும் இதையும் சேர்த்துப் பார்க்கிறேன்.


ஜூன் 4, புதன்

சின்னவள் போன் செய்தாள். என் மகள் வாரத்துக்கு ஒரு முறை பேசுகிறவள், அதுவும் பள்ளிக்கூட இடைவேளையில், அவசரமாக. இன்று காலையும் பேசினாள், மதியமும் பேசினாள். சாப்பிட்டீங்களா, தூக்கம் வருதா, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் தூங்குறீங்களா. கடைசிக் கேள்வி எதற்கு?

முப்பது வருஷத்துக்கு மேல் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால் எல்லோரும் மோட்டாரைப் பார்ப்பார்கள். நான் கதவைப் பார்ப்பேன். கடைசியாகத் திறந்தவன் யார், சரியாக மூடாமல் போனவன் யார் என்று பார்ப்பேன். இந்த வீட்டில் ஏதோ ஒரு கதவு சரியாக மூடவில்லை.

ஒரு விஷயம் அவர்கள் யாருக்கும் தெரியாது. தோட்டாக்களை எல்லாம் என் மனைவி இருக்கும்போதே துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தாயிற்று. இரண்டு மட்டும் என்னிடம் இருக்கின்றன, என் பழைய வேலைப் பையில், ஸ்பேனர்களுக்கு அடியில். துப்பாக்கி என்று ஒன்று இருந்தால் துணைக்கு இரண்டு தோட்டா இருக்க வேண்டாமா? அவ்வளவுதான்.


ஜூன் 7, சனி

மருமகள் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். நான் கேட்கவே இல்லை. "நாளாச்சு மாமா, ஒரு தடவை காட்டிடுவோம்" என்றாள். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது தெருவே பால் கொட்டின மாதிரி இருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைத்தாள். இவ்வளவு அன்பு எதற்கு என்று படுத்தபடியே யோசித்தேன்.


ஜூன் 8, ஞாயிறு

உறை காலி.

ஆணியில் உறை மட்டும் தொங்குகிறது. எடுத்தபோதே தெரிந்துவிட்டது, கனமே இல்லை. முதலில் குடியிருந்த வீட்டின் ஜன்னல் திரையை வெட்டி அவள் தைத்த உறை. வாய்க் கயிற்றை அவள் போடுகிற மாதிரியே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். திருடினவனுக்கு முடிச்சு போடக்கூடத் தெரிந்திருக்கிறது.

மகனைக் கூப்பிட்டேன். சவரம் செய்துகொண்டிருந்தவன் பாதி முகத்தில் நுரையோடு வந்தான். "உரிமம் புதுப்பிக்கணும்ல, அதுக்கு முன்னாடி கடையில காட்டணுமாம்பா. நேத்து குடுத்துட்டு வந்தேன்" என்றான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தான்.

நேற்று. என் கண்ணில் மருந்தை ஊற்றி ஆளைக் குருடாக்கிவிட்டு.

உரிமத்தை எடுத்துப் பார்த்தேன். முடிய அடுத்த வருஷம் வரை இருக்கிறது. கத்தினால் உஷாராகிவிடுவார்கள். பார்ப்போம்.

உறை சுவரில் தொங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் நீளக் குடையை உள்ளே வைத்து வாயைக் கட்டி மாட்டினேன்.


ஜூன் 9, திங்கள்

துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எழுந்து வந்து நாற்காலி போட்டார். அவளைப் பற்றி விசாரித்தார், வருத்தப்பட்டார். பிறகு, "உங்க மகனா? வரலையே. இந்த மாசம் யாருமே ஆய்வுக்குக் குடுக்கல" என்றார்.

பொய். என் மகன் என்னிடம் பொய் சொல்கிறான். பத்தாம் வகுப்பில் மார்க்கைக்கூட மறைக்காத பையன்.


ஜூன் 12, வியாழன்

வியாபாரியின் கடை. பழைய விசிறி, பழைய ரேடியோ, காலொடிந்த கட்டில். மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். "என்ன சார் தேடுறீங்க, சொன்னா எடுத்துக் குடுப்பேன்ல" என்றான். என் மகன் உங்கிட்ட என்ன பேசினான் என்று நேராகவே கேட்டேன். அவன் சிரித்தான். "இனிமே அப்பா கண்ணு முன்னால துப்பாக்கிய விலை கேக்காதீங்க, அது அவருக்கு அவங்க அப்பா மாதிரின்னு சொல்லிட்டுப் போனாரு" என்றான்.

நன்றாக நடிக்கிறார்கள் எல்லோரும்.

அது எனக்கு என் அப்பா மாதிரிதான். அதில் என்ன சந்தேகம்? பின்கட்டையில் கன்னம் படுகிற இடத்தில் மெருகு தேய்ந்து வெளுத்திருக்கும். அது அப்பாவின் கன்னம். அதன்மேல் என் கன்னம். அப்பா செத்த அன்று அழவில்லை நான், ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் போனபின் அந்த இடத்தில் கன்னத்தை வைத்தேன். எண்ணெய் வாசனையும் அவர் சவர சோப்பு வாசனையும் வந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. ஏரிக்கரையில் வாத்துக்காகக் காத்திருக்கும்போது அவர் பேசவே மாட்டார், தோளில் கை மட்டும் வைப்பார். அந்தக் கை எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்கு அந்தக் கட்டையைத்தான் காட்டத் தெரியும்.

இதையா வித்தாங்க?


ஜூன் 15, ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

சின்னவள் வீட்டில் சாப்பாடு. குளியலறையில் துண்டு இல்லை என்று பக்கத்து அலமாரியைத் திறந்தேன். மடித்து வைத்த போர்வைகளுக்குப் பின்னால் ஏதோ தட்டுப்பட்டது. பெரிய துண்டில் சுற்றி, பிள்ளையைப் படுக்க வைத்த மாதிரி வைத்திருக்கிறாள். பிரித்தேன்.

பின்கட்டை. வெறும் பின்கட்டை. குழலும் இல்லை, முன்கட்டையும் இல்லை.

வெளுத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். அதேதான். அப்பா வரப்பில் சறுக்கி விழுந்தபோது விழுந்த பள்ளம்கூட இருக்கிறது.

திரும்பச் சுற்றி அதே இடத்தில் வைத்தேன். கை கழுவினேன். போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். "என்னப்பா, ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறீங்க" என்று சின்னவள் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். என் மகள். பரிமாறுகிறாள். அலமாரியில் என் அப்பாவை ஒளித்து வைத்துவிட்டு எனக்குப் பரிமாறுகிறாள்.

இப்போது புரிகிறது. விற்கவில்லை. பங்கு போட்டுவிட்டார்கள். கட்டை மகளுக்கு. குழல் யாருக்கு? மகனுக்கா? பீரோவைப் பார்க்க வேண்டும்.


ஜூன் 16, திங்கள்

மகனின் பீரோவில் ஒன்றும் இல்லை.

உயிரோட இருக்கும்போதே பாகம் பிரிச்சுட்டாங்க. நான் ஒருத்தன் இருக்கேன்னுகூட யாருக்கும் தோணலியா?


ஜூன் 18, புதன்

இருமல் மச்சானைப் பார்க்கப் போனேன். என் மனைவியின் தம்பி. வாலிபத்தில் என்னோடு வேட்டைக்கு வருவான். வாத்து இறங்கி, நான் குறி பார்த்து, விரல் விசைக்குப் போகிற நேரத்தில் சரியாக இருமுவான். மொத்தக் கூட்டமும் பறந்துவிடும். அப்பா வைத்த பெயர்தான் இருமல். அதை யாரும் மாற்றவில்லை. அவனுக்குக் கபமும் இல்லை, ஆஸ்துமாவும் இல்லை. மனசு படபடத்தால் இருமல் வரும், அவ்வளவுதான்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே நுழைந்தும் எழவில்லை. எப்போதும் வாசல்வரை வந்து கூட்டிப்போகிறவன். கால் இரண்டையும் கட்டிலின் விளிம்பில் ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அடை காக்கிற மாதிரி.

"என்ன மச்சான், உடம்பு சரியில்லையா?"

"இல்லத்தான், கால்ல கொஞ்சம் பிடிப்பு."

"துப்பாக்கியக் காணோம்டா."

இருமினான். விடாமல் இருமினான். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி இருமினான்.

"அப்படியா அத்தான்? எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். நான் எங்கே என்று கேட்கவே இல்லை. உனக்குத் தெரியுமா என்றும் கேட்கவில்லை.

குழல் அந்தக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அக்கா போனதும் மச்சானுக்கும் ஒரு பங்கு கேட்கிறதோ? இவனுக்காக எத்தனை வாத்தை விட்டிருக்கேன்.

அப்படியானால் முன்கட்டை மகனிடம். மூன்று பேருக்கு மூன்று துண்டு. நியாயமான பாகப்பிரிவினை.


ஜூன் 20, வெள்ளி

போலீஸ் ஸ்டேஷன் போனேன். உரிமம் என் பேரில். காணாமல் போனால் சொல்ல வேண்டியது சட்டப்படி என் கடமை. வழி முழுக்க இதையே சொல்லிக்கொண்டு போனேன்.

மேஜைக்குப் பின்னால் ஒரு நடுத்தர வயது ஏட்டு. உட்காரச் சொன்னார், காகிதத்தைத் தள்ளினார். "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்றார்.

இருக்கு என்றேன்.

"சொல்லுங்க. ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். முதல் ஆள் என் மகன். நான்கு வயதில் லிஃப்ட் பள்ளத்தில் எட்டிப் பார்த்தவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன், அந்தச் சட்டை இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டாவது ஆள் சின்னவள். அதற்கு மேல் போக முடியவில்லை.

ஏட்டு என் முகத்தைப் பார்த்தார். "வீட்டு ஆளுங்களா?" என்றார். தலையாட்டினேன். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் உக்கார வச்சுக் கேளுங்க. அப்பவும் வரலைன்னா திங்கக்கிழமை வாங்க. நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

இந்த ஆளும் அவர்களோடு சேர்ந்தவரோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியது எனக்கே பயமாக இருந்தது.


ஜூன் 21, சனி

வேலைப் பையிலிருந்து தோட்டா இரண்டையும் எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். துப்பாக்கியை எடுத்தவர்கள் இதையும் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? இவையாவது மிஞ்சட்டும்.

மத்தியானம் மருமகள் துவைக்கிற துணியோடு நான் கழற்றிப் போட்டிருந்த கால்சட்டையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடியிருக்கக் கூடாது. அவள் கையிலிருந்து பிடுங்கினேன். "பையில சில்லறை இருக்கும்மா" என்றேன். கால்சட்டை தொங்கின விதத்தைப் பார்த்தாள். சில்லறை கனம் வேறு, இது வேறு.

பார்த்துவிட்டாளா?


ஜூன் 22, ஞாயிறு

எல்லோரும் வந்தார்கள். நான்தான் வரச்சொன்னேன். சாப்பாட்டு மேஜைமேல் உறையை வைத்தேன், உள்ளே குடையோடு. மகன், மருமகள், சின்னவள், மச்சான். யாரும் உட்காரவில்லை.

"பாகம் பிரிச்சாச்சா?" என்றேன். "கட்டை இவளுக்கு. குழல் இவன் கட்டிலுக்கு அடியில. முன்கட்டை எங்கடா, உன் ஆபீஸ்லயா?"

மகன் தலை குனிந்தான். ஆபீஸ் டிராயரில்தானாம். மச்சான் இருமத் தொடங்கினான். சின்னவள் அழுதாள்.

"நான் செத்தப்புறம் எடுத்துக்கிட்டா என்ன? அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு? எங்க அப்பா சாமான்டா அது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" நான் கத்தினேன். கடைசியாக எப்போது கத்தினேன் என்று நினைவில்லை.

சின்னவள் அழுதுகொண்டே, "அப்பா, எங்களுக்கு எதுக்குப்பா அது? அதை வச்சு நாங்க என்னப்பா பண்ணப்போறோம்?" என்றாள்.

பேசினது மருமகள்தான். சத்தம் உயராமல், ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி பேசினாள்.

"எடுக்கச் சொன்னது நான்தான் மாமா. அன்னிக்கு டீ கொண்டு வந்தப்ப பார்த்தேன். குழலைக் கண்ணுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, அது கழற்றின குழல்மா. துரு பார்த்தேன். விசை என் மடியில கிடந்துச்சு. அந்தக் குழலால ஒரு ஈயைக்கூட அடிக்க முடியாது."

"எனக்கு அதெல்லாம் தெரியாது மாமா. துரு பார்த்தீங்கன்னா துருதான் பார்த்தீங்க. ஆனா நான் உங்களைக் கூப்பிட்டேன். மூணு தடவை கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்லை. அப்புறம்தான் டம்ளர் விழுந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் துப்பாக்கியைப் பார்க்கல மாமா. உங்க முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் வார்டுல பார்த்திருக்கேன்."

மச்சான்கூட இருமவில்லை.

மகன்தான் பிறகு சொன்னான். முதலில் அவனே வைத்துக்கொள்வதாக இருந்ததாம். "நீங்க வந்து கேட்டா எனக்கு இல்லைன்னு சொல்ல வராதுப்பா. சின்னவளுக்கு சுத்தமா வராது. மாமாவைப் பத்தி உங்களுக்கே தெரியும், நாலு இருமல்ல எடுத்துக் குடுத்துடுவாரு. அதான் மூணா பிரிச்சோம். மூணு பேரும் ஒண்ணா வந்தாத்தான் அது துப்பாக்கி. விக்கலப்பா. பத்திரமா சுத்தித்தான் வச்சிருக்கோம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

துரு பார்த்தேன் என்று சொல்லியிருப்பேன்.

எழுந்து அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போடவில்லை. வெளியே அவர்கள் நின்றுகொண்டே இருந்தது கேட்டது.

என்னைப் பற்றி என்ன நினைத்துவிட்டார்கள் இவர்கள்? லிஃப்ட் கயிற்றில் தொங்கி வேலை பார்த்தவன் நான். உயிரைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தவன். என்ன நினைத்துவிட்டார்கள்?

அவர்கள் பேசி முடிக்கும்வரை தோட்டா இரண்டும் என் கால்சட்டைப் பையில்தான் இருந்தன. ஒரு கை அதன்மேலேயே இருந்தது.


ஜூன் 23, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போகவில்லை.


ஜூன் 25, புதன்

மருமகள் மூன்று தடவை கூப்பிட்டாளாம். ஒன்றுகூடக் காதில் விழவில்லை. காது நன்றாகத்தான் இருக்கிறது எனக்கு. பக்கத்துத் தெரு லிஃப்ட்டில் பேரிங் தேய்ந்திருப்பதுகூட வாசலில் நின்றால் கேட்கும்.

அந்தக் குழல் வழியே அன்று என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்? எதிர்வீட்டு மாடி. அதன் கொடியில் காய்ந்த ஒரு புடவை. என் மனைவியின் புடவை நிறம். அதைப் பார்த்தேன், பிறகு அது போன பின்னும் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் எதுவும் இல்லாமல் நன்றாக இருந்தது. அது எனக்கு வேண்டியிருந்தது.

ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். மகன், மகள், மச்சான், வியாபாரி, கண் டாக்டர், ஏட்டு. கதவைக் கடைசியாகத் திறந்தவன் யார் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன்.

'துணைக்கு இரண்டு தோட்டா. அவ்வளவுதான்.' மூன்று வாரம் முன்பு நானே எழுதியது. படித்துப் பார்த்தேன். அவ்வளவுதானா?

பொய் என்று சொல்ல முடியவில்லை. முழு உண்மை என்றும் சொல்ல முடியவில்லை. ஏதோ ஒரு நாள் தேவைப்படலாம் என்று ஒரு எண்ணம் கிடந்தது. எதற்குத் தேவை என்று நான் என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்துக்கொண்டேன்.

அவள் இருந்திருந்தால் துணியைப் பார்த்துச் சொல்லியிருப்பாள். இன்னும் கறுப்பு வருது.


ஜூன் 27, வெள்ளி

மருமகள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன். தோட்டா இரண்டையும் எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் கை வழுக்கவில்லை.

"கடையில குடுத்துடும்மா. நான் போனா பேச்சு வளரும்."

"சரி மாமா."

"மத்தவங்ககிட்ட சொல்ல வேண்டாம்."

"சொல்லல." பிறகு கேட்டாள். "ரெண்டுதானா மாமா?"

"ரெண்டுதான். வேணும்னா வேலைப் பையைப் பார்த்துக்கோ."

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அவள் நிஜமாகவே பார்த்தாள். கீழே வந்து, பையை என் கட்டிலில் கவிழ்த்து, ஸ்பேனர் ஸ்பேனராக எடுத்து வைத்து, பக்கவாட்டுப் பையில் கைவிட்டு, மேஜை இழுப்பறை, தலையணை, அலமாரி என்று எல்லாம் பார்த்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாராவது இப்படி என் அறையைக் கலைத்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ. கோபமே வரவில்லை. மேல்தட்டில ஒரு டப்பா இருக்கு, அதையும் பாரு என்று நானே சொன்னேன்.

அது துணி டப்பா. திறந்தாள். அடியில் ஒரே ஒரு சதுரம் இருந்தது. பார்த்துவிட்டு மூடி வைத்தாள். போகும்போது வாசலில் நின்று, "டாக்டர் ஒருத்தர் இருக்காரு மாமா, சும்மா பேசுவாரு. கண்ணுல மருந்து எல்லாம் விடமாட்டாரு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறேன்.


ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே வந்துவிட்டார்கள். சின்னவள் பின்கட்டையைத் துண்டோடு மார்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். ஆட்டோக்காரர் பிள்ளை தூங்குதான்னு கேட்டாராம். மச்சான் குழலைப் பாயில் சுருட்டிக் கொண்டுவந்தான். மகன் முன்கட்டையைச் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்தான். மேஜையில் வைத்து மூன்றையும் பூட்டினேன். அந்தச் சத்தம். அப்பா ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டுவார்.

தோளில் வைத்துக் கன்னத்தைப் பதித்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இருந்தும் பதித்தேன். எண்ணெய் வாசனை இருந்தது. சின்னவள் வீட்டு சோப்பு வாசனையும் கொஞ்சம். பரவாயில்லை, ஒரு சோப்பு போய் ஒரு சோப்பு.

பிறகு கழற்றித் துடைத்தோம். டப்பாவை எடுத்தால் கனக்கிறது. உள்ளே நிறையச் சதுரங்கள். மகனுடைய பழைய பனியன். ஒன்றுகூட ஒழுங்காக இல்லை, ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குறுகி. "ஆஸ்பத்திரி கத்தரிக்கோல் மாமா, பஞ்சுதான் வெட்டும்" என்றாள் மருமகள். எதிரில் உட்கார்ந்து குழலின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள். துணி வெளியே வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சுத்தமா இல்லையா மாமா? எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். எண்ணெய் நெடி என்று சொன்னேன். நம்பினார்களா தெரியாது.

முடிந்ததும் மகன் உறையை எடுத்து வந்தான். "போதும்பா. தப்புப் பண்ணிட்டோம். இனிமே இங்கயே இருக்கட்டும்" என்றான். சின்னவளும் ஆமாம்பா என்றாள். மச்சான், "அத்தான், அந்தக் கட்டிலுக்கு அடியில வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கமே இல்லை" என்றான். மருமகள் மட்டும் குழலைப் பிடித்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்டா" என்றேன்.

பின்கட்டையைத் துண்டில் சுற்றிச் சின்னவளிடம் கொடுத்தேன். குழலைப் பாயில் சுருட்டி மச்சானிடம் கொடுத்தேன், இருமினான். முன்கட்டை மகனுக்கு. இந்தத் தடவை பாகம் பிரித்தது நான்.

கிளம்பும்போது தூறல் போட்டது. உறையின் முடிச்சை அவிழ்த்துக் குடையை எடுத்துச் சின்னவளிடம் கொடுத்தேன். "உறை காலியாத் தொங்குமேப்பா" என்றாள். தொங்கட்டும் என்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை கட்டையோட குடையையும் மறக்காம கொண்டுவரணும் என்று சொல்லி அனுப்பினேன்.